வளர்ற பிள்ளைக்கு வாங்கிய பூட்ஸ்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது, "அங்க குளிரு எப்படி?" என்பதுதான். ஆஸ்திரியாவுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. மார்கழி மாதத்தில் சிதம்பரம் கீழ வீதியில் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, "என்னா குளிரு, என்னா குளிரு" என்று நடுங்கிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதே அளவு குளிர் இங்கே வந்தால் கோடை வந்துவிட்டது என்று அரை டிராயரோடு ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்புகிறார்கள். இதை எப்படிப் போனில் விளக்குவது? "பரவால்ல, பழகிடுச்சி" என்று சொல்லிவிட்டு ஊரில் மழை உண்டா என்று கேட்டுவிடுவேன்.

இன்று எழுத உட்கார்ந்தது குளிரைப் பற்றி அல்ல, ஒரு ஜோடி பூட்ஸைப் பற்றி.

விஷயம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையில் ஆரம்பித்தது. இந்த ஊர்ப் பள்ளிகளில் குளிர்காலத்தில் ஒரு வாரம் வகுப்பு மொத்தத்தையும் மலைக்குக் கூட்டிப்போய்த் தங்கவைத்து ஸ்கீ விடச் சொல்லிக் கொடுப்பார்கள். நீளமான இரண்டு பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்கி இறங்குகிறார்களே, அதுதான் ஸ்கீ. நமக்கு சினிமாப் பாட்டில் பார்த்துப் பழக்கம். இவர்களுக்கு அது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் மாதிரி, தெரியாது என்று சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

என் மகள் யாழினிக்குப் பதினோரு வயது. சுற்றறிக்கையை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, அதன்மேல் பழக்கூடையைத் தூக்கி வைத்தாள்.

"நான் போகலம்மா."

"ஏன்டி?"

"எனக்கு வராது."

"என்னா வராது?"

"ஸ்கீதான். நம்ம ஆளுங்களுக்கெல்லாம் அது வராதும்மா. அவங்களுக்குத்தான் வரும்."

அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். இவள் பேச்சில் நானும் என் வீட்டுக்காரரும் எப்போதும் "நீங்க"தான். "நீங்க ஏன் கையால சாப்பிடறீங்க, நீங்க ஏன் போன்ல இவ்ளோ சத்தமா பேசறீங்க" என்றுதான் கேட்பாள். பள்ளித் தோழிகளைச் சொல்லும்போதுதான் "நாங்க." இவள் வாயில் "நம்ம" என்று ஒரு வார்த்தை வராதா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். கடைசியில் வந்தேவிட்டது, வந்த வேளைதான் சரியில்லை. தன்னால் முடியாத ஒன்றைச் சொல்லத்தான் அவளுக்கு "நம்ம ஆளுங்க" ஞாபகம் வருகிறது. சுருக்கென்று தைத்தது.

2

பூட்ஸ் வாங்கியது போன குளிர்காலத்தின் கடைசியில், தள்ளுபடி விலையில். வாங்கியவர் என் வீட்டுக்காரர் செல்வம். கடலூர் முதுநகர்க்காரர். இங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

ஸ்கீ பூட்ஸ் என்பது துணியாலோ தோலாலோ செய்ததில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு, உள்ளே மெத்தை, வெளியே வரிசையாகக் கொக்கிகள். கடைக்காரர் யாழினியின் பாதத்தை அளந்து ஒரு அளவைச் சொன்னார். செல்வம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"வளர்ற புள்ள. ரெண்டு சைஸ் பெருசாவே எடுப்போம் கலா. அடுத்த வருசத்துக்கும் ஆவும், அதுக்கு அடுத்த வருசத்துக்கும் ஆவும்."

எனக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. தெரிந்தால்தானே ஆச்சரியம்! சிதம்பரத்தில் நான் படித்த காலத்தில் எந்தப் பிள்ளைக்கு அவள் அளவில் எதை வாங்கினார்கள்? ஜூன் மாதம் ஷூ வாங்கினால் முனையில் பஞ்சு வைத்துத்தான் முதல் நாள் போவோம். டொக் டொக் என்று நாங்கள் ஒரு பக்கம் நடந்தால் ஷூ ஒரு பக்கம் நடக்கும். மேல வீதி டெய்லரிடம் சீருடைப் பாவாடை தைக்கக் கொடுக்கும்போதே, "வளர்ற புள்ள, நல்லா மடிச்சித் தைங்க" என்பார் அம்மா. வருடா வருடம் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார். பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத நீலம் ஒரு பட்டைக் கோடாகத் தெரியும். யார் பாவாடையில் எத்தனை கோடு என்று எண்ணிப் பார்த்து, வயதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். காசு ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடையில் நின்று "வளர்ற புள்ள" என்று சொல்லும்போது அம்மா முகத்தில் ஒரு பெருமை இருக்கும். இந்தப் பிள்ளை இப்படியே நின்றுவிடாது, வளரும், பெரிசாகும் என்று கடைக்காரர் எதிரில் ஒரு வாழ்த்து மாதிரி. செல்வம் முகத்திலும் அன்றைக்கு அதே பெருமைதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிப் பஞ்சை உருட்டி, முனையில் வைத்துக் கொடுத்தது நான். கம்பளிக் காலுறையும் இரண்டு ஜோடி.

பட்டைகளை மட்டும் நாங்கள் வாங்கவில்லை. என்னோடு வார்டில் வேலை செய்யும் மார்த்தா, தன் மகன் சின்ன வயதில் ஓட்டியதைக் கொடுத்தாள். பெயிண்ட் போய், கீறல் விழுந்து, பரணில் தூங்கியவை. இரண்டையும் மாட்டிக்கொண்டு யாழினி பள்ளித் தோழிகளோடு சில தடவை சரிவுக்குப் போனாள், ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்துதான் திரும்பினாள்.

அந்தப் பட்டைகளைத்தான் என் தம்பி சேகர் வீடியோ காலில் பார்த்துவிட்டான். அவன் இப்போது கடலூர்வாசி, திருப்பாதிரிப்புலியூரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறான். கிரிக்கெட் மட்டை, ஷட்டில் பேட், கேரம்போர்டு எல்லாம் கிடைக்கும்.

"மாமா, என்னா இது, கட்டில் சட்டம் கணக்கா இருக்குது! புள்ளைக்கு நல்ல கம்பெனி சாமானா வாங்கிக் குடுங்க. சாமான் சரியில்லன்னா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. என் கடைக்கு வர்ற பசங்களப் பாக்கறேன்ல, நல்ல பேட்டு கையில வந்துட்டா அடி தன்னால வுழுவுது."

"நீ யாவாரி மச்சான், அப்படித்தான் சொல்லுவ," என்றார் செல்வம். "நான் எங்கப்பா சைக்கிள்ல அரைப் பெடல் போட்டுக் கத்துக்கினவன். சீட்டு என் தலைக்கு மேல இருக்கும். பாருக்கு அடியில காலை வுட்டு, வண்டியோட தொங்கிக்கினே கெடிலம் பாலம் வரைக்கும் போயிட்டு வருவேன். சாமான்ல என்னா இருக்குது? எல்லாம் ஆளுகிட்ட இருக்குது."

"அது சைக்கிளு மாமா, இது ஸ்கீ."

"எதுவா இருந்தா என்னா? கத்துக்கறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

இரண்டு பேருக்கும் இடையில் போனைப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். தம்பி வாழ்நாளில் பார்த்த பனி, துறைமுகத்தில் மீனுக்கு உடைத்துப் போடும் ஐஸ் பாளம்தான். என் வீட்டுக்காரர் இத்தனை வருடம் கழித்தும் வாசலில் பனி விழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குப்பை போடப் போவார். இந்த இரண்டு நிபுணர்களும் அரை மணி நேரம் ஸ்கீயைப் பற்றி விவாதித்தார்கள். யாழினி "ஹாய் மாமா, பை மாமா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எப்போதும்போல் தன் அறைக்குப் போய்விட்டாள்.

நான் செல்வத்தின் கட்சிதான். காரணம் மார்த்தா. ஓய்வு பெறப் போகிற வயது, அவள் ஓட்டும் பட்டைகளுக்கு அவள் மகனைவிட வயது ஜாஸ்தி. அதில் அவள் மலையிலிருந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும், இட்லி மாவை ஊற்றுகிற மாதிரி அவசரமே இல்லாமல் வழிந்து வருவாள். பக்கத்திலேயே தலை முதல் கால் வரை புது உடுப்பு, புதுப் பட்டை, கண்ணாடி என்று கடையையே மாட்டிக்கொண்டு வந்தவர்கள் குப்புற விழுந்துகிடப்பார்கள். பார்த்த எனக்கு வேறென்ன தோன்றும்? ஆள்தான் முக்கியம் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்படியென்றால் யாழினி விழுகிறாள் என்றால் குறை யாழினியிடம்தான். வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு, இன்னும் கொஞ்சம்" என்றேன். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும் போலிருக்கிறது.

3

பிள்ளையை அனுப்ப முடியாது என்றால் அதற்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் இன்னும் விண்ணப்பம் வரவில்லை. நான் ஊரில் படித்த நர்ஸ் படிப்பை இங்கே ஒப்புக்கொள்வதற்குள், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, வார்டில் படுக்கை விரிக்கிற உதவியாளராக வேலை பார்த்தவள் நான். அந்தக் காலத்தில் ஜெர்மன் மொழித் தகராறு வேறு. பெரிய டாக்டரைப் பார்த்து மரியாதையான வார்த்தை என்று நினைத்து "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டுவைத்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் நல்ல மனிதர், "நான் சாப்பிட்டேன், நீ?" என்றார்.

விண்ணப்பத்தில் காரணம் எழுதக் கட்டம் போட்டிருந்தது. உடல்நிலை, மதம், வேறு ஏதாவது.

"மதம்னு போட்டுடேன்," என்றார் செல்வம். "எங்க சாமிக்குப் பனி ஆவாதுன்னு."

"நம்ம சாமி குடியிருக்கறதே பனிமலையிலதாங்க!"

சிரித்தோம். சிரித்துவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார். "அனுப்பாம இருந்தா நாளைக்கு எல்லாத்துக்கும் இதையே சொல்லும் கலா. நம்ம ஆளுங்களுக்கு இது வராது, அது வராதுன்னு. நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்," என்றார்.

எனக்கும் பயம் அதுதான். ஒரு வாரம் மலைக்குப் போகாவிட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் பதினோரு வயதில் ஒரு பிள்ளை, தன் பிறப்பிலேயே ஒரு குறை இருப்பதாக நம்பத் தொடங்கினால் அதை எந்த ஊர் ஆஸ்பத்திரியில் காட்டுவது?

விண்ணப்பத்தைக் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. மார்த்தாவிடம் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை கூட்டிவா. சின்னப் பிள்ளைகள் பழகுகிற சரிவு ஒன்று இருக்கிறது. கூட்டம் இருக்காது," என்றாள்.

4

அன்றைக்குச் செல்வத்துக்கு வேலை. நானும் யாழினியும் மட்டும் போனோம். வழி நெடுக அவள் ஜன்னல் கண்ணாடியில் விரலால் கிறுக்கிக்கொண்டு வந்தாள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி, ஒரு பெஞ்சில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இங்கயே இருக்கேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு?"

"நீங்கதானே வந்தீங்க. நான் வரேன்னு சொல்லவே இல்ல."

"யாழி, மார்த்தா ஆண்ட்டி நமக்காக வந்திருக்காங்க..."

"உங்களுக்கு அவ்ளோ ஆசையா இருந்தா நீங்க போட்டுக்கிட்டுப் போங்க!"

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வருமோ, வந்தால் நெற்றிக்கு மேலே நின்றுவிடும். "போறேன்டி! போக மாட்டேன்னு நெனச்சியா?" என்று பூட்ஸை இழுத்து எடுத்தேன். கால் நுழையவில்லை. முனையில் இருந்த பஞ்சைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் திணித்தேன். ஒற்றைக் காலுறையோடு காலை விட்டேன், உள்ளே போய் உட்கார்ந்தது. கொக்கிகளை மாட்டினேன். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி அப்படிப் பொருந்தியது. பட்டைகள் என் உயரத்துக்குக் குட்டை. "பழகுகிறவளுக்குக் குட்டைதான் நல்லது," என்றாள் மார்த்தா.

நாற்பத்துச் சொச்சம் வயதில், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிற நான், பனிமேல் நின்றேன். மார்த்தா அதிகம் பேசவில்லை. முன்முனைகளைச் சேர், பின்பக்கத்தை விரி, முழங்காலை மடக்கி முன்னால் சாய், அவ்வளவுதான்.

"ஐயோ நடராஜா!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். சரிவு என்ன பெரிய சரிவு, நம் ஊர் மேம்பாலத்து இறக்கம் அளவுதான். ஆனாலும் போகிறேன்! வலது காலை அழுத்தினால் இடது பக்கம் திரும்புகிறது. கணுக்காலில் நான் நினைப்பதைப் பட்டை கேட்கிறது. அடிவாரத்தில் ஆடி அசைந்து, விழாமல் நின்றேன். நின்றதை என்னாலேயே நம்ப முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கி, "யாழீ! பாத்தியா!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

என் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. பட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த பூட்ஸோடு தடுமாறித் தடுமாறி அவளிடம் போனேன்.

"உங்களுக்குக்கூட வருதும்மா," என்று தேம்பினாள். "ஒரே தடவைல வருது. அப்போ நம்ம ஆளுங்கன்னு இல்ல. எனக்கு மட்டும்தான் வரல."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். கையைப் பையில் விட்டேன், கைக்குட்டை எடுக்கத்தான். கையில் வந்தது பஞ்சு.

ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் அடிக்கடி விழுந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அவர்கள் காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று. மருந்து மாத்திரை எல்லாம் அப்புறம். செருப்பு தளர்ந்திருக்கிறதா, குதிகால் வெளியே வருகிறதா? புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். கையில் இருந்த பஞ்சைப் பார்த்தேன். எனக்குத் தேவைப்படாத பஞ்சு.

"யாழி, பூட்ஸைப் போடு."

"வேணாம்."

"சறுக்க வேணாம் தங்கம். சும்மா போட்டுக் காட்டு."

என் காலிலிருந்து கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன். கொக்கிகளைக் கடைசிப் பல் வரை இழுத்தேன். பூட்ஸைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப குதிகாலைத் தூக்கு," என்றேன்.

"தூக்கிட்டேன்."

"எங்கடி தூக்கின? பூட்ஸ் அசையவே இல்லையே."

"உள்ளதாம்மா. உள்ள தூக்கிட்டேன்."

"முன்னாடி பின்னாடி நகர்த்த முடியுதா?"

"ம். போகுது. இப்ப பஞ்சு இல்லல்ல, இன்னும் நல்லா போகுது."

"பஞ்சு வெச்சா?"

"அப்பவும் போகும். கொஞ்சமா." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எல்லாருக்கும் அப்படித்தானேம்மா?"

போன குளிர்காலத்தின் கடைசியிலும், இந்தக் குளிர்காலத்திலும், இவள் கால் ஒன்று சொல்ல பட்டை ஒன்று செய்திருக்கிறது. எல்லாருக்கும் அப்படித்தான், அதைத் தாண்டித்தான் எல்லாரும் ஓட்டுகிறார்கள், நமக்கு மட்டும் அந்தத் திறமை இல்லை என்று யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது பிள்ளை.

"எனக்கு அப்படி இல்லடி கண்ணு. எனக்குக் கால் ஆடவே இல்ல."

அவள் பூட்ஸைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், மறுபடி பூட்ஸைப் பார்த்தாள்.

அடிவாரத்திலேயே வாடகைக்குச் சாமான் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. அவள் அளவில் ஒரு ஜோடி கேட்டேன். பலர் போட்டுத் தேய்ந்த பூட்ஸ்தான், ஒரு கொக்கிக்கு நிறம்கூட வேறு. கடைப் பெண் அதே பழைய பட்டைகளில் ஸ்குரூவைத் திருகி, புது அளவுக்கு மாற்றிக் கொடுத்தாள். யாழினி எழுந்து நின்று, முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

"டைட்டா இருக்கா? வலிக்குதா?"

"வலிக்கல." கொஞ்சம் யோசித்தாள். "யாரோ கையால காலைப் புடிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு."

சரிவின் மேலே போய் நின்றாள். நான் கீழே நின்றேன். இறங்கினாள். இடது பக்கம் திரும்பினாள். திரும்பிவிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை, முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. அப்புறம் வலது பக்கம். அப்புறம் வேகம் பிடித்து, மல்லாக்க விழுந்தாள்.

ஓடினேன். பனிக்குள் கிடந்தபடி கையை ஆட்டினாள்.

"அம்மா! இது நான் விழுந்ததும்மா!"

"என்னடி சொல்ற?"

"நான் ஜாஸ்தி சாஞ்சிட்டேன். பின்னாடி சாஞ்சிட்டேன், அதான். பூட்ஸ் இல்ல. நானே விழுந்தேன்!"

விழுந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. எழுந்து, தட்டிக்கொண்டு, கூப்பிட்டும் நிற்காமல் மேலே போனாள். அன்றைக்கு வெயில் இறங்குகிற வரை விழுந்துகொண்டே இருந்தாள்.

5

வீட்டுக்கு வந்தபோது செல்வம் வேலை முடிந்து வந்து சாம்பார் வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய், வாசலில் கிடந்த பூட்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை தடவிப் பார்த்தார்.

"வளருமேன்னுதான் வாங்கினேன் கலா."

"தெரியுங்க."

"இத்தினி நாளு வாயத் தொறந்து சொல்லவே இல்ல பாரு புள்ள."

யாழினி வந்து அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அவள் விடவில்லை. "அப்பா, அரைப் பெடல் ஓட்டும்போது நீங்க எத்தனை தடவை விழுந்தீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சைக்கிள் கதையை நான் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு தடவைகூட அவர் விழுந்ததில்லை. அன்றைக்குத்தான் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டித் தழும்பைக் காட்டினார். பாலத்து இறக்கத்தில் விழுந்து ரத்தத்தோடு அழுதது, அடி விழும் என்று வீட்டுக்குப் போகாமல் ஒளிந்திருந்தது, எல்லாம் வெளியே வந்தது. யாழினி வாயைப் பிளந்து கேட்டாள்.

"உண்மையச் சொல்லணும்னா," என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "சீட்ல குந்தி ரெண்டு காலும் பெடல்ல எட்டுன அன்னிக்குத்தான் எனக்கு சைக்கிளே ஓட்ட வந்துச்சி. அது வரைக்கும் தொங்கிக்கினுதான் இருந்தேன்."

சாமானா ஆளா என்று கேட்டால் இப்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது. பட்டை பழசா புதுசா என்பதெல்லாம் ரொம்பத் தூரம் போன பிறகு வருகிற கவலை. காலுக்கும் சாமானுக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது. அந்த ஒன்று சரியாக இருந்தால் அதற்கு மேல் விழுவதும் எழுவதும் நம் கையில். அது சரியில்லாவிட்டால் விழுவதுகூட நமதில்லை. அம்மா ஷூ முனையில் வைத்த பஞ்சையும் நான் வைத்த பஞ்சையும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் அன்புதான் இருந்தது. பிள்ளை நாளைக்கு எவ்வளவு பெரிசாகும் என்று பார்த்த அவசரத்தில், இன்றைக்கு எவ்வளவு சின்னது என்று பார்க்க விட்டுப்போனது.

செல்வம் பூட்ஸைத் தூக்கி, "இத என்னா பண்றது? வித்துடலாமா?" என்றார்.

"விக்கறதா! அது என்னுது," என்றேன். "எனக்குத்தான் அளவா இருக்கே."

என்னை மேலிருந்து கீழே பார்த்துச் சிரித்தார். "அப்ப வளர்ற புள்ள நீதான் போல."

6

விண்ணப்பத்தைக் கிழித்துப்போட்டோம். சுற்றறிக்கையில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்டிருந்த இடத்தில், யாழினி தானே பேனாவை வாங்கி "புதிதாகக் கற்பவர்" என்பதில் குறி போட்டாள். அவளுடைய தோழிகள் எல்லாரும் மேல் பிரிவில் இருந்தார்களாம். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வாடகை பூட்ஸோடு போனாள், ஒரு வாரம் கழித்துக் கன்னம் கறுத்து, உதடு வெடித்து, பேருந்திலிருந்து பேசிக்கொண்டே இறங்கினாள்.

அந்த ஞாயிறு சேகர் கூப்பிட்டான். கடையில் உட்கார்ந்திருந்தான், பின்னால் மட்டைகள் வரிசையாகத் தொங்கின. வழக்கம்போல் "ஹாய் மாமா" சொல்லிவிட்டு ஓடுவாள் என்று போனை என் பக்கம் திருப்பினேன். யாழினி அதைப் பிடுங்கி, சோபாவில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதி தமிழ், பாதி ஜெர்மன், வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் சறுக்கிக் காட்டினாள். அவனும் புரிந்தது புரியாதது எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"எத்தினி வாட்டி வுழுந்த?"

"நெறைய மாமா. எண்ணவே முடியாது. ஆனா எல்லாமே நான் விழுந்தது."

"பின்ன, ஒனக்கு பதிலா வேற எவன் வுழுவான்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். செல்வமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாமா, நீங்க ஒரு தடவை இங்க வாங்க. நான் சொல்லித் தரேன்."

"அய்யய்யோ, என்னை வுட்டுடு தாயி! கடலூர்க்காரன் நான், கடல்ல தள்ளி வுடு, நீந்திடுவேன். பனியெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு ஒத்து வராது."

சிரிப்பை நிறுத்திவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"வரும் மாமா. நம்ம ஆளுங்களுக்கும் வரும். உங்க கால் சைஸ் என்ன?"

சேகர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தூக்கிப் போனுக்கு நேராகக் காட்டினான்.